அளவுச் சாப்பாடு

பெரம்பலூரில் டாக்டர் சுகன்யாவின் அறையில் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு ஊரில் ஆளுக்கொரு கதை நடந்தது. டாக்டர் இருந்தார். அவருக்கு எதிரே, முதுகு நாற்காலியில் படாமல், அய்யம்பெருமாள். பக்கத்தில் மனைவி பொன்னுத்தாய், மடியில் மஞ்சள்பையோடு. பின்னால் நின்றது மகன் கலைச்செல்வனும் மருமகள் மலர்க்கொடியும். ஆக ஐந்து பேர். ஆறாவதாகக் கதவோரத்து ஸ்டூலில், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தாள். இவர்கள் தெருக்காரிதான். அடுத்த டோக்கன் அவளுடையது. அவளுக்கு ஒரு காதுதான் அடைத்திருந்தது. மற்றது நன்றாகவே கேட்டது.

"சாப்பாட்டுக்கு முன்னாடி நூத்தித் தொண்ணூறு. சாப்பிட்ட பிறகு முன்னூத்திப் பன்னெண்டு. சர்க்கரை வந்து ரெண்டு வருசமாவது இருக்கும் சார். நீங்க பாக்கல, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

"எங்க குடும்பத்துல யாருக்கும் இந்த வியாதி கெடையாதும்மா."

"இருந்திருந்தாலும் யாரு சார் பாத்திருப்பா?"

உண்மைதான். அவருடைய அப்பா வெள்ளைச்சாமி எதில் செத்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. படுத்தார், போய்விட்டார்.

டாக்டர் ஒரு தாளில் வட்டம் வரைந்தார். பாதி வட்டத்துக்குக் காய், கீரை. மீதியில் பாதிக்குப் பயறு, முட்டை, மீன். கடைசிக் கால்பங்குக்குச் சோறோ சப்பாத்தியோ சிறுதானியமோ. "கால்பங்குல என்னங்கிறது உங்க இஷ்டம். வாழ்நாளுக்கும் சாப்பிடப்போறது நீங்கதான், அதனால நீங்களே தேர்ந்தெடுங்க. மாத்திரையை விடக் கூடாது. எதுவா இருந்தாலும் அளந்து போட்டுக்கணும்."

அளந்து என்ற சொல்லைக் கேட்டதும் அய்யம்பெருமாள் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அரும்பாவூர் பக்கத்து ஊருக்கு அவர்கள் கார் போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் ஒருத்தர் ஆவாரம்பூ கொண்டுவந்து நின்றார். ஒருத்தர் நாவல்கொட்டைப் பொடி. இன்னொருத்தர் ஒரு சாக்குப் பாகற்காயை இறக்கிவிட்டு, "காலைப் பாத்துக்கங்கண்ணே, மொதல்ல அங்கதான் போவும்" என்று ஆறுதல் சொன்னார். அய்யம்பெருமாள் எல்லாருக்கும் நன்றி சொல்லி, கேட்டைச் சாத்தினார்.

அவர் மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவர். சுற்றுவட்டாரத்தில் அவர் ஏறாத கம்பம் குறைவு. சொந்த நிலம் ஒரு சாண் இல்லாத குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். முதல் சம்பளத்தில் துணி எடுக்கவில்லை, சாமிக்குப் படைக்கவில்லை. ஒரு மூட்டை பொன்னி அரிசி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், நிலக்காரர்கள் குடியிருந்த பெரிய தெரு வழியாகவே நடந்து வந்தார். அன்றைக்கு அம்மாவிடம் சொன்னார்: "இனிமே இந்த வூட்டுல கூழு அடுப்பேறக் கூடாது." அதோடு கூழ்ப்பானை கொல்லைக்குப் போனது. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது வரியைக் கொடுத்துவிடுவார். கையேந்தி வாங்க மாட்டார். சிறுதானியத்துக்கு இப்போது டவுனில் தனிக்கடை வந்து, கார் வைத்திருப்பவர்கள் வாங்கிப் போகிறார்கள் என்று கலைச்செல்வன் ஒருமுறை சொன்னபோது, "அவங்க தாத்தன் கூழு குடிச்சு வளந்தவன் இல்ல, அதான் வாங்குறான்" என்று முடித்துவிட்டார்.

ஆகவே கால்பங்கு வட்டத்தில் என்ன வைப்பது என்ற கேள்வி வந்தபோது, கம்பும் சோளமும் கேப்பையும் பேச்சுக்கே வரவில்லை. முதலில் சப்பாத்தி. ரெண்டு என்று தாளில் இருந்தது. ரெண்டைத் தின்றுவிட்டு, "சரி, சாப்பாடு எப்ப?" என்று கேட்டார். ஒரு வாரத்தில் சப்பாத்தி ஆறாகி, அதற்கு மேல் தயிர்ச்சோறும் சேர்ந்துகொண்டது. பிறகு ஓட்ஸ். ஒரு கரண்டி எடுத்துத் தூக்கிப் பார்த்தார். "எலெக்சனுக்குப் போஸ்டர் ஒட்டுறதுக்கு இப்புடித்தான் காய்ச்சுவோம்" என்றார். பொன்னுத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனால் கிண்ணம் அப்படியே இருந்தது.

கடைசியில் சோறே இருக்கட்டும், குறைவாகப் போடலாம் என்று முடிவானது. மலர்க்கொடிதான் பரிமாறினாள். உடையார்பாளையத்துப் பெண். முந்திரிக்காட்டுப் பக்கம் வளர்ந்தவள். எதையும் ஒழுங்காகச் செய்துபார்க்கிற சுபாவம். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைத் தேடி எடுத்து, அதில் சோற்றை நிரப்பி, மேலே குவிந்து நின்றதைக் கரண்டியின் முதுகால் ஒரு வழி வழித்துவிட்டுத் தட்டில் கவிழ்த்தாள். ஓட்டலில் கவிழ்ப்பதுபோல் அழகாக நின்றது சோறு.

அய்யம்பெருமாள் அந்தக் கரண்டியைத்தான் பார்த்தார். அந்தக் கணத்தில் அவருக்கு எட்டு வயது. களத்துமேட்டில் அப்பா துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பண்ணையின் காரியக்காரர் கூலி அளக்கிற மரக்காலை நெல்லில் அமுக்கி எடுக்கிறார். கோபுரம்போல் குவிந்து வருகிறது. பிறகு முழங்கையால் தலையை வழித்துக் கீழே தள்ளிவிட்டு மீதியைத் துண்டில் கொட்டுகிறார். "தலை தட்டாம ஒரு மரக்கா போடுங்க சாமி" என்கிறார் அப்பா. ஒவ்வொரு அறுப்புக்கும் கேட்பார். ஒரு அறுப்பிலும் போட்டதில்லை.

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அய்யம்பெருமாள் எழுந்தார். "எனக்குத் தலை தட்டிப் போடாத" என்றார். குரல் ஏறவில்லை. அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.

"என்னா மாமா? நான் என்னா பண்ணுனேன்?" என்றாள் மலர்க்கொடி. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கரண்டி கையிலேயே இருந்தது.

மறுநாள் பென்சன் ஆபீஸில் வேலை என்று சொல்லிவிட்டுப் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினார். பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மெஸ்ஸில் பலகை தொங்கியது. மேலே அளவுச் சாப்பாடு. கீழே முழுச் சாப்பாடு. அவர் வாழ்நாளில் முதல் வரியைப் படித்ததே இல்லை. சாம்பாருக்கு ஒரு முறை, வத்தக்குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு, மோருக்கு என்று நான்கு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பரிமாறியவர், "இன்னும் கொஞ்சம் வைக்கவாங்கய்யா?" என்று கேட்டது காதுக்கு இதமாக இருந்தது.

சாயங்காலம் மலர்க்கொடி வழக்கம்போல் விரலில் ஊசி குத்தி, சர்க்கரை பார்க்கிற மீட்டரில் வைத்தாள். எண்ணைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். முன்னூற்று நாற்பத்தாறு.

அய்யம்பெருமாளிடம் டாக்டர் சொல்லி நடக்காதது, மகன் சொல்லி நடக்காதது, அந்த மீட்டர் சொல்லி நடந்தது. முப்பத்து நாலு வருடம் மீட்டரோடு வாழ்ந்த மனிதர். மீட்டரைத் திருப்பி ஓட வைத்தவனை அவர் மன்னித்ததில்லை, அவன் சொந்தக்காரனாக இருந்தாலும். மீட்டர் பொய் சொல்லாது என்பது அவருக்கு வேதம். அது இப்போது அவருடைய சொந்த ரத்தத்தைப் படித்துவிட்டுச் சொல்கிறது. அவர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே சாப்பிட்டார் என்று மலர்க்கொடி கேட்கவில்லை. விரலில் பஞ்சை அழுத்திவிட்டு எழுந்து போனாள். கேட்டிருந்தாலாவது அவர் கோபப்பட்டுத் தப்பித்திருக்கலாம்.

மூன்றாம் நாள் காலையில் அடுப்படியிலிருந்து ஒரு வாசம் வந்தது. வெந்த சோளமாவின் வாசம். நாற்பது வருடத்துக்கு மேலாக அந்த வீட்டுக்குள் வராத வாசம். அய்யம்பெருமாள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

உள்ளே மலர்க்கொடி போனைச் சுவரில் சாய்த்து வைத்து, அதில் ஒரு பெண் களி கிண்டுவதைப் பார்த்துக்கொண்டே குழம்புக்கரண்டியால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பாத்திரத்தில் கட்டி கட்டியாக, கூழுமில்லாமல் களியுமில்லாமல் என்னவோ கொதித்தது. மேடையில் இரண்டு தட்டுகள். இரண்டிலும் கீரை பாதி, பாசிப்பயறு கால்பங்கு. மீதிக் கால்பங்கு காலியாக இருந்தது.

அவரைப் பார்த்ததும் அவள் கேஸை நிறுத்தினாள். "உங்களுக்கு இல்ல மாமா. எனக்குத்தான் செய்றேன். நல்லா வந்தா சொல்லலாம்னு."

"ரெண்டு தட்டு எதுக்கு?"

"ஒண்ணு என்னோடது. அந்தத் தாளு வந்த நாள்லேருந்து நானும் அதே கணக்குலதான் சாப்புடுறேன். ஓட்ஸும் சாப்புட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க சொன்ன மாதிரி, பசைதான்."

"ஒனக்கு என்னா வியாதி?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க மட்டும் தனியாச் சாப்புடணுமேன்னுதான்."

அய்யம்பெருமாள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, காம்பவுண்டுச் சுவர்தான். பிறகு சட்டைக் கையை மடக்கினார்.

"இதைக் கொண்டுபோயி மாட்டுக்கு ஊத்து. வேற தண்ணி வையி. தண்ணி தளதளன்னு கொதிக்கிறதுக்கு முன்ன மாவைக் கொட்டுனா கட்டி தட்டாம என்னா செய்யும்? அந்தப் போனை அணை. அது ஒண்ணும் தெரியாம ஆட்டுது."

கரண்டி உதவாது என்று மோர் மத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். கொதிக்கிற தண்ணீரில் உப்புப் போட்டு, மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, மத்துக் காம்பால் குவியலின் மத்தியில் ஒரு துளை போட்டார். துளை வழியாகத் தண்ணீர் மேலேறிக் கொப்புளித்தது. அப்படியே வேக விட்டார். பிறகு பாத்திரத்தைத் தரைக்கு இறக்கி, சாக்கைச் சுற்றி இரண்டு பாதங்களாலும் முட்டுக்கொடுத்து, காம்பை ஒரே பக்கமாகச் சுழற்றினார். தோள் வலித்தது. மாவு திரண்டு, பளபளத்து, பாத்திரத்தின் ஓரத்தை விட்டது. கையை நனைத்துக்கொண்டு உருட்டினார். ஒரு கட்டி இல்லை.

நிலைப்படியில் பொன்னுத்தாய் நின்றிருந்தாள். "அடி ஆத்தே! கட்டிக்கிட்டு வந்து நாப்பத்தோரு வருசம் ஆச்சு. ஒரு டம்ளர் சுடுதண்ணி வச்சுக் குடுத்தது இல்ல இந்த மனுசன்!"

"அம்மா நடவுக்குப் போயிரும். நாந்தான் மூத்தவன். தம்பி தங்கச்சிக்கு வேற யாரு கிண்டுவா?" என்றார் அய்யம்பெருமாள், உருண்டையைப் பார்த்துக்கொண்டே. இந்தத் தகவலை அவர் எந்தப் பெண் வீட்டிலும், எந்த ஆபீசிலும், பொன்னுத்தாயிடம்கூட, சொன்னதில்லை.

முதல் நாள் மூன்று உருண்டை சாப்பிட்டார். களிக்கு அளவு ஏது என்று நினைப்பு. மீட்டர் இருநூற்று எழுபது காட்டியது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "லோடு ஜாஸ்தி" என்றார். ஒரு டிரான்ஸ்பார்மரில் இத்தனை மோட்டார்தான் ஓடும். மேலே ஒன்று சேர்த்தால் எரியும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை; டிரான்ஸ்பார்மரின் சுபாவம் அது. அவரே எத்தனை விவசாயிகளிடம் இதைச் சொல்லிக் கும்பிட்டிருக்கிறார். மறுநாள் ஒரே உருண்டை, கீரைக் கடைசல், ஒரு முட்டை. இரண்டு மணி நேரம் கழித்து நூற்று எழுபத்தொன்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் அளவு என்ற சொல் போய்விட்டது. "இன்னிக்கி லோடு எவ்வளவு மாமா?" என்று மலர்க்கொடி கேட்பாள். "ஒண்ணு. கீரையைச் சேத்துப் போடு" என்பார்.

ஆனால் விஷயம் வெளியே தெரியக் கூடாது. அய்யம்பெருமாள் வீட்டில் மறுபடியும் களிப்பானை ஏறிவிட்டது, அதையும் அவரே அடுப்படியில் உட்கார்ந்து கிண்டுகிறார் என்று ஊர் பேசினால், அந்த அரிசி மூட்டையைப் பெரிய தெரு வழியாகத் தூக்கி வந்ததற்கு என்ன அர்த்தம்? தினமும் ஆறரைக்குக் கொல்லைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் வேலை. களி கிண்டத் துடுப்பு ஒன்று வேண்டுமென்று அரும்பாவூரில் மரச்சிற்பம் செய்கிறவரிடம் போனார். அவர் பாதி செதுக்கிய முருகனை ஒதுக்கி வைத்துவிட்டு, "எதுக்குங்கய்யா இது?" என்றார். "துணி தொவைக்க. மிஷினு ரிப்பேரு" என்று சொல்லி வாங்கி வந்தார். அந்த வாரம் இரண்டு பேர் வாஷிங் மிஷினுக்காகத் துக்கம் விசாரித்தார்கள்.

வாசத்தை யார் தாழ் போடுவது? கொல்லைச் சுவரை ஒட்டித்தான் பஞ்சவர்ணத்தின் வீடு. காதும் இப்போது சரியாகிவிட்டது. பத்தே நாளில் பேச்சு கிளம்பியது. போர்மேன் வீட்டில் மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு மாமனாருக்குக் கூழ் ஊற்றுகிறாள். மற்றவர்களுக்கெல்லாம் அரிசிச்சோறு, பென்சன் வாங்குகிற மனுசனுக்குக் கூழ். மனுசன் இளைத்துத் துரும்பாகிவிட்டார், பாருங்கள். இளைத்தது உண்மை, நான்கு கிலோ. டாக்டர் அதற்குச் சந்தோஷப்பட்டார்.

அய்யம்பெருமாள் காதுக்கு அது நேராக வரவில்லை. மலர்க்கொடியின் அண்ணன் குருமூர்த்தி உடையார்பாளையத்திலிருந்து போன் செய்தபோதுதான் வந்தது. அவள் மாடிப்படிக்குக் கீழே நின்று பேசிக்கொண்டிருந்தாள். கூடம்வரைக்கும் கேட்கும்படி அவன் கத்தினான். "பஸ்ஸுல ஒரு பொம்பள சொல்லுது மலரு. பெரிய மனுசனுக்குக் கூழு ஊத்துறியாமே? நம்ம வூட்டுல அப்புடியா வளத்தாங்க? நெசமா, பொய்யா?"

உள்ளே கூடத்தில் அய்யம்பெருமாள் பேப்பரை இறக்கினார். அவள் இப்போது சொல்லிவிடுவாள். சொல்ல வேண்டியதுதான். நான் ஊத்தலண்ணே, எங்க மாமாதான் அடுப்படியில உக்காந்து கிண்டுறாரு. ஒரு வரி. அதோடு அவள் பேர் தப்பிக்கும்.

"ஆமாண்ணே. ஊத்துறேன். என்னா இப்ப?" என்றாள் மலர்க்கொடி. போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு துணி காயப்போடப் போனாள்.

அய்யம்பெருமாள் பேப்பரை மடித்து வைத்தார். ஒரு குடும்பத்தின் மானம் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று தமக்குத் தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தார். சாயங்காலம் விரலை நீட்டியபோது, "ஊரு என்னென்னமோ பேசுது போலருக்கு" என்றார்.

"பேசிட்டுப் போறாங்க மாமா. நூத்தி நாப்பத்தெட்டு" என்று மீட்டரைக் காட்டினாள்.

வளர்பிறை முகூர்த்தத்தில் ஊர்க்காரர் செல்லப்பன் பேத்திக்குக் காதணி விழா. அரும்பாவூர் மண்டபம். செல்லப்பன் முறையாக வந்து அழைத்திருந்ததால் குடும்பத்தோடு போனார்கள். அய்யம்பெருமாள் சலவை வேட்டியில், விறைப்பாக, முதல் பந்தியில் உட்கார்ந்தார். அவருக்கு இந்தப் பக்கம் பொன்னுத்தாய். மூன்று இலை தள்ளி மலர்க்கொடி. எதிர் வரிசையில் பஞ்சவர்ணம். இலையில் கத்தரிக்காய், அவரை, கூட்டு, வடை எல்லாம் விழுந்தன. அவர் பொரியலை இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கினார். அடுத்துச் சோற்று வாளி வந்தது. ஒரு கரண்டி விழுந்ததும் இலைக்கு மேல் கையை விரித்தார். "போதும்ப்பா."

பரிமாறியவர் விடுவதாக இல்லை. "நல்லாச் சாப்புடுங்கய்யா, மொதப் பந்தி."

எதிரிலிருந்து பஞ்சவர்ணம் குரல் கொடுத்தாள். கெட்ட எண்ணம் கிடையாது அவளுக்கு, மனசாரப் பரிதாபப்பட்டாள். அதனால்தான் சத்தமாக வந்தது. "போடுப்பா, கொட்டிப் போடு. பாவம், வூட்டுலதான் கதவைச் சாத்திக்கிட்டு மருமவ கூழா ஊத்துறா. இங்கயாவது அண்ணன் ரெண்டு வாய் சோத்தைக் கண்ணுல பாக்கட்டும்."

இரண்டு வரிசையிலும் கைகள் இலையில் நின்றன. செல்லப்பன் தூரத்தில் யாரையோ கும்பிடப் போனவர் கும்பிட்டபடியே நின்றார். மலர்க்கொடி தலையைக் குனிந்து அவரைக்காயை ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். பொன்னுத்தாய் வாயைத் திறந்தாள். அவர் இடது கையால் அவளை நிறுத்தினார். கரண்டிச் சோறு இன்னும் அவர் கைக்கு மேலேயே இருந்தது. அதன் ஆவி புறங்கையைச் சுட்டது. கையை எடுக்கவில்லை. கம்பத்து மேலேயிருந்து கீழே நிற்கிற ஆளுக்குச் சொல்கிற குரலில், ஒவ்வொரு சொல்லாக, கடைசி இலைவரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கூழு இல்ல பஞ்சவர்ணம், களி. மருமவ ஊத்தல. அவளுக்குக் கிண்ட வராது. தெனம் காலைல நாந்தான் கிண்டுறேன், எனக்கும் அவளுக்கும்."